இடுக்குகள் வெந்துபோனால்: சென்னைப் புழுக்கத்தில் தோலைக் காப்பாற்ற ஒரு முழு வழிகாட்டி

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் ஒன்பது வருடம் நின்று வேலை பார்த்தவள் நான். காலை ஆவடியில் ரயில் ஏறி, மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெரு நெரிசலில் நடந்து கடைக்குள் போகும்போதே உள்பாவாடை தொடையோடு ஒட்டியிருக்கும். மதியத்துக்குள் தொடை இடுக்கு காந்த ஆரம்பித்துவிடும். பக்கத்தில் நிற்கிற பெண்ணுக்கும் அப்படித்தான் என்பது எனக்குத் தெரியவே நாலு வருடம் ஆனது. யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. கால் அகட்டி நடந்தால் என்ன ஏது என்று கேட்பார்கள் என்று, வலியை அடக்கிக்கொண்டு நேராக நடப்போம்.

தொடை இடுக்கு, அக்குள், மார்புக்கு அடி, தொப்பை மடிப்பு, குழந்தையின் கழுத்து மடிப்பு, கால் விரலிடுக்கு என்று எங்கெல்லாம் தோலும் தோலும் ஒட்டிக்கொண்டு காற்றுப் போகாமல் இருக்கிறதோ, அங்கெல்லாம் வருவது இது. மருந்து ஆரம்பிப்பதற்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது: அந்த இடத்தைக் காயவைக்க வேண்டும், உரசலை நிறுத்த வேண்டும். பெரும்பாலோர் இந்த இரண்டையும் விட்டுவிட்டு நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறோம். நானும் போனேன். அதனால் பட்டதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏன் இந்த ஊரில் இவ்வளவு

வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாக இடமில்லை. வியர்வை தோலிலேயே தங்கும். கடலோரம் என்பதால் சென்னையில் வருடத்தில் பெரும்பகுதி இந்தக் கதைதான். கத்திரி வெயிலில் உச்சி நேரத்து மேற்குக் காற்று வறண்டதாக இருக்கும், அப்போது உடம்பு எரிந்தாலும் தோல் காயும். சாயங்காலமும் ராத்திரியும்தான் மோசம். ஆகஸ்ட், செப்டம்பர் புழுக்கம் ஒரு பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் துணியே காயாத மழைக்காலம் இன்னொரு பக்கம்.

துணி துவைத்து முடித்ததும் விரல் நுனி ஊறி வெளுத்துச் சுருங்கியிருக்குமே, இடுக்கில் இருக்கும் தோலும் அதே மாதிரி ஊறுகிறது. ஊறிய தோல் மென்மையாகி, காய்ந்த தோலைவிட அதிகமாக ஒன்றோடொன்று பிடித்து இழுக்கும். அதன் மேல் நடக்க நடக்க, மேல் அடுக்கு வழண்டு போகிறது. வியர்வை கொஞ்சம் காய்ந்தால் உப்பு படிந்து, மணலை வைத்துத் தேய்த்தது போல் ஆகிவிடும். வழண்ட தோலில் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் கதவு திறந்த மாதிரி. முதலில் உரசல், அப்புறம் வேக்காடு, அதன்பின் தொற்று: இந்த வரிசையில்தான் பெரும்பாலும் நடக்கும்.

முதல் படி: என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள்

ஒரு கைக்கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் போதும். கூச்சப்படாமல் உட்கார்ந்து பாருங்கள்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் பார்க்கும் படங்களில் தோல் பளீரென்று சிவந்திருக்கும். அவை பெரும்பாலும் வெள்ளைத் தோலின் படங்கள். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு அப்படித் தெரியாது. கரும்பழுப்பாகவோ, ஊதா கலந்த கறுப்பாகவோ, சுற்றியிருக்கும் தோலைவிடச் சற்று மினுமினுப்பாகவோதான் தெரியும். அதனால் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். சூடாக இருக்கிறதா, தொட்டால் காந்துகிறதா, ஈரப்பிசுபிசுப்பு இருக்கிறதா என்று விரலாலும் பாருங்கள்.

காலையில் நன்றாக இருந்து, நடந்த அன்றைக்கே எரிச்சல் தொடங்கி, குளிக்கும்போது தண்ணீர் பட்டதும் சுள்ளென்று எரிந்தால் அது வெறும் உரசல். அரிப்பு குறைவாகவும் காந்தல் அதிகமாகவும் இருக்கும்.

மடிப்பின் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்தது போல ஒரே மாதிரி நிறம் மாறி, ஈரமாக, லேசான வாடையோடு சில நாட்களாக இருந்தால் அது இடுக்கு வேக்காடு. மருத்துவர்கள் இதை இன்டர்ட்ரிகோ என்பார்கள்.

அதே இடம் இன்னும் அழுத்தமான நிறத்தில், வெந்த இறைச்சி போல ஈரமாகி, அதன் ஓரத்துக்கு வெளியே தாளிக்கும்போது தெறித்த கடுகு மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகளோ சீழ்க்கொப்புளங்களோ சிதறியிருந்தால், கேண்டிடா என்ற ஈஸ்ட் பூஞ்சை சேர்ந்துவிட்டது. அந்தத் தெறித்த புள்ளிகள்தான் அடையாளம். மடிப்புக்குள் வெள்ளையாக மாவு போலப் படிந்திருக்கவும் கூடும்.

படர்தாமரை வேறு. வட்டமாகவோ வளைவாகவோ ஓரம் தடித்து, செதில் உதிர்ந்து, நடுப்பகுதி தெளிந்து, வெளிப்பக்கமாகப் பரவிக்கொண்டே போகும். அரிப்பு உயிரை எடுக்கும். கவட்டையில் தொடங்கி இடுப்பு, பின்பக்கம் என்று போகும். வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கும். கால் விரலிடுக்கையும் பாருங்கள். பல சமயம் அங்கிருந்துதான் கிளம்பியிருக்கும்.

வேர்க்குரு எல்லோருக்கும் தெரியும். முதுகிலும் கழுத்திலும் பொடிப்பொடியாக, வியர்வை நாளம் அடைத்துக்கொண்டு வருவது. நுங்குத் தண்ணீர் தடவுவது அதற்கு வேண்டுமானால் இதமாக இருக்கும். வழண்ட இடுக்கில் அதைத் தடவ வேண்டாம். அந்த ஈரமும் இனிப்பும் அங்கே தேவையில்லை.

அரிப்பு இல்லாமல் அக்குளிலோ கவட்டையிலோ பழுப்பு நிறத் திட்டாகப் பல மாதம் இருப்பது ஒரு வகை பாக்டீரியாத் தொற்றாகவும் இருக்கலாம். அதே இடங்களில் வலியோடு கட்டி வந்து உடைந்து, தழும்பாகி, திரும்பத் திரும்ப வந்தால் அதுவும் வேறு நோய். இந்த இரண்டுக்கும் வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள்.

இரண்டாம் படி: முதல் மூன்று நாள்

வெறும் உரசலும் ஆரம்ப வேக்காடும் பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியைக் கழற்றுங்கள். டீ குடித்துவிட்டுக் கழற்றலாம் என்று உட்காராதீர்கள். அந்த அரை மணி நேரமும் தோல் ஊறிக்கொண்டுதான் இருக்கும். அப்புறம் அந்த இடத்தைச் சாதாரணத் தண்ணீரால் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம். சோப்பு போட்டே ஆகவேண்டும் என்றால் வாசனையில்லாத, மென்மையான சோப்பை உள்ளங்கையில் நுரைத்துத் தடவினால் போதும். தேங்காய் நார், பீர்க்கங்கூடு, ஸ்க்ரப்பர் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. நம் ஊரில் பல வீடுகளில் போர் தண்ணீர்தான், உப்புத் தண்ணீர். அதில் சோப்பு சரியாக நுரைக்காது, தோலில் படிந்தும் போகும். கடைசி ஒரு சொம்பாவது மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றி அலசுங்கள்.

எரிச்சல் அதிகமாக இருந்தால், கொதித்து ஆறிய தண்ணீரில் சுத்தமான மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து, பத்து நிமிடம் வைத்து எடுக்கலாம். ஒரு நாளில் இரண்டு மூன்று முறை. எடுத்ததும் கட்டாயம் காயவைக்க வேண்டும்.

காயவைப்பதுதான் இந்த வைத்தியத்தில் பாதி. துண்டால் தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள். அப்புறம் படுத்து, மடிப்பை விலக்கி, மின்விசிறிக்குக் கீழே பத்துப் பதினைந்து நிமிடம். ஹேர் டிரையர் இருந்தால் குளிர்ந்த காற்று வரும்படி வைத்து, ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள். சூடான காற்று கூடவே கூடாது. மார்புக்கு அடியிலும் தொப்பை மடிப்பிலும் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல வழி: பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, துவைத்துக் காயவைத்த ஒற்றைத் துண்டை மடிப்புக்குள் வையுங்கள். சுருட்டித் திணிக்க வேண்டாம். ஒரு ஓரம் இரண்டு விரல் அகலத்துக்காவது வெளியே தெரியும்படி விரித்து வைத்தால், உள்ளே உறிஞ்சிய ஈரம் அந்த ஓரம் வழியாகக் காற்றில் போகும். துணி ஈரமானதும் மாற்றுங்கள். என் அம்மாவுக்கு எந்தக் களிம்பையும்விட இந்தத் துணிதான் முதலில் இதம் கொடுத்தது. தையல் மிஷின் பக்கத்தில் ஒரு டப்பாவில் இருபது துண்டு வெட்டி வைத்திருப்பார்.

நன்றாகக் காய்ந்த பிறகுதான் மேலே தடவுவது. வழண்டு, நீர் கசிவது போலிருந்தால் துத்தநாக ஆக்சைடு கலந்த வெள்ளைக் களிம்பு நல்லது. குழந்தைகளுக்கு டயாபர் புண்ணுக்குக் கொடுக்கிற அதேதான். அது தோலுக்கும் ஈரத்துக்கும் நடுவே ஒரு சுவர் மாதிரி நிற்கும். அடுத்த முறை தடவும்போது பழைய களிம்பைச் சுரண்டி எடுக்காதீர்கள். அழுக்கான மேல் அடுக்கை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு மேலே பூசினால் போதும். பெட்ரோலியம் ஜெல்லி, தோல் காய்ந்திருக்கும்போது உரசலைக் குறைக்கத் தடவ வேண்டியது. பூஞ்சை வந்து ஈரம் கசிகிற மடிப்பில் அதை அப்பினால் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்தது போல் ஆகும்.

அந்த மூன்று நாளும் முடிந்தவரை நடையைக் குறையுங்கள். ராத்திரி உள்ளாடை இல்லாமல் தளர்ந்த நைட்டியோ லுங்கியோ கட்டிப் படுங்கள். அந்த இடத்தில் முடி மழிப்பதை ஆறும்வரை நிறுத்துங்கள்.

மூன்றாம் படி: பூஞ்சை என்று தெரிந்தால்

தெறித்த கடுகு மாதிரிப் புள்ளிகள் இருந்தாலோ, மூன்று நாலு நாள் காயவைத்தும் குறையாவிட்டாலோ, க்ளோட்ரிமசோல் 1% மட்டும் உள்ள களிம்பு போடலாம். மட்டும் என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். கழுவிக் காயவைத்து, மெல்லிசாக, காலையும் இரவும். புண்ணின் ஓரத்தைத் தாண்டி ஒரு விரல் அகலம் வெளியேயும் தடவுங்கள். அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாதீர்கள். தோல் சரியான பிறகும் ஒரு வாரமாவது தொடர வேண்டும். மொத்தம் இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

படர்தாமரை என்றால் வீட்டிலேயே முடித்துக்கொள்ளப் பார்க்காதீர்கள். இந்தியாவில் இப்போது பரவிக்கொண்டிருக்கும் படர்தாமரை முன்பு மாதிரி சொன்னபடி கேட்பதில்லை. அதை உண்டாக்கும் பூஞ்சைகளில் ஒன்றுக்கு 2020இல் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். டெர்பினாஃபின் என்ற வழக்கமான மருந்துக்கு அது பல சமயம் அடங்குவதில்லை. மாத்திரை வேண்டுமா, எத்தனை வாரம் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் அரிக்கிற எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து எடுத்துக்கொள்ளாவிட்டால் அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். துண்டு, லுங்கி, படுக்கை விரிப்பு தனித்தனியாக இருக்கட்டும்.

செய்யக் கூடாதவற்றில் பெரியது

இதைத்தான் முக்கியமாக எழுத நினைத்தேன். நாலாவது வருடம் ஒரு மெடிக்கல் ஷாப்பில், கூட்டம் குறையக் காத்திருந்து, மெல்லக் கேட்டேன். தொடையில் அரிப்பு என்றேன். அவர் எதுவும் கேட்காமல் ஒரு ட்யூபைக் கொடுத்தார். இரண்டே நாளில் அரிப்பு போய்விட்டது. சாமி மாதிரி மருந்து என்று நினைத்தேன். நிறுத்திய ஐந்தாம் நாள் திரும்ப வந்தது, முன்பைவிடப் பெரிதாக. மறுபடி அதே ட்யூப். ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது. ஒரு நாள் குளிக்கும்போது பார்த்தால் தொடையின் உள்பக்கம் வெளிறிப்போய், பிள்ளை பெற்ற வயிற்றில் வருவது போலக் கோடு கோடாக வரி விழுந்திருந்தது. விரல் பட்டாலே வலிக்கும் அளவுக்குத் தோல் மெலிந்துவிட்டது. தோல் மருத்துவர் ட்யூபை வாங்கிப் படித்துவிட்டு, இதில் மூன்று மருந்து கலந்திருக்கிறது, அதில் ஒன்று வீரியமான ஸ்டீராய்டு என்றார். பூஞ்சை குணமாக ஏழு வாரம் ஆனது. வரிகள் இன்றைக்கும் இருக்கின்றன.

ஸ்டீராய்டு அரிப்பையும் நிறத்தையும் உடனே அமுக்கிவிடும். ஆனால் அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அமுக்குவதால் பூஞ்சை அடியில் நிம்மதியாகப் பரவும். அதன் உருவமே மாறி, பார்த்தால் படர்தாமரை என்று மருத்துவருக்கே சட்டென்று பிடிபடாது. இடுக்குத் தோல் மெல்லியது, மூடியே இருப்பது, அதனால் அங்கே மருந்து கூடுதலாக உறிஞ்சப்படும். கெடுதலும் சீக்கிரம் வரும். 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற பட்டியலில் சேர்த்தது. இருந்தும் கேட்டால் கிடைக்கிறது. எனவே காசு கொடுப்பதற்கு முன் ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்று எது இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மருத்துவர் பார்த்து, இத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் போடலாம்.

மற்றவை சுருக்கமாக. எலுமிச்சை, உப்பு, பற்பசை, கற்பூரம் கலந்த எண்ணெய், தண்ணீர் கலக்காத ஆன்டிசெப்டிக் திரவம் எதுவும் வழண்ட தோலில் வேண்டாம். ஈரத் தோலில் பவுடர் கொட்டினால் அது பிசைந்த மாவாகி, மடிப்பில் உருண்டு, அதுவே உரசும். டால்க் பவுடரை அந்தரங்கப் பகுதியில் போடவே வேண்டாம். 2024இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு டால்க்கை, அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. ஆறிய பிறகு நிற்கும் கறுப்பு, அழுக்கு கிடையாது. தேய்த்தாலும் வெளுக்கும் க்ரீம் போட்டாலும் இன்னும் கறுக்கும். சில மாதம் விட்டால் தானே மங்கும்.

நான்காம் படி: திரும்ப வராமல்

காலையில் கிளம்பும்போது தோல் முழுசாகக் காய்ந்திருக்க வேண்டும். குளித்த ஈரத்தோடு ஜட்டியோ உள்பாவாடையோ கட்டுவதுதான் பாதிப் பேருக்கு ஆரம்பம். ஐந்து நிமிடம் முன்னதாக எழுந்தால் மின்விசிறிக் காற்றில் நிற்க நேரம் கிடைக்கும். பிறகு உரசும் இடத்தில் மட்டும் பட்டாணி அளவு பெட்ரோலியம் ஜெல்லியைத் தேய்த்துவிடுங்கள்.

தொடை உரசுகிறவர்கள், சேலை கட்டினாலும் சுடிதார் போட்டாலும், உள்ளே முழங்காலுக்கு மேல் வரை வரும் பருத்தி சைக்கிளிங் ஷார்ட்ஸ் போடுங்கள். தோல் தோலோடு உரசுவது அன்றோடு நிற்கும். நான் பட்டதில் இதற்கு ஈடான வழி எதுவும் இல்லை. ஆண்களுக்கும் கவட்டையில் எலாஸ்டிக் அறுக்கிற ஜட்டிக்குப் பதில் தொடைவரை வரும் உள்ளாடை நல்லது. ஜீன்ஸில் நாலு தையலும் கூடுகிற இடம் சரியாகக் கவட்டையில் உட்காரும். இரண்டு சக்கர வண்டியில் நாள் முழுக்கப் போகிறவர்கள் அதைத் தவிர்த்தாலே பாதி வலி குறையும். ரெக்சின் சீட்டின் மேல் காற்றுப் போகிற வலை உறை போட்டுக்கொள்ளுங்கள். நீளமான சிக்னலில் வண்டியை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் எழுந்து நில்லுங்கள்.

பருத்தி நல்லது என்று எல்லோரும் சொல்வோம். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் அது சரி. ஆனால் மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் விடியற்காலையில் ஓடுகிறவர்களுக்கு நனைந்த பருத்தி கனத்து, ஒட்டி, அறுக்கும். அவர்களுக்கு ஈரத்தை வெளியே தள்ளும் ஓட்டத் துணிதான் பொருத்தம். விடியற்காலை குளிர்ச்சியாக இருந்தாலும் காற்றில் ஈரப்பதம் அப்போதுதான் மிக அதிகம் என்பதை நினைவில் வையுங்கள். நீண்ட தூரம் ஓடும் ஆண்களுக்கு மார்புக் காம்பு உரசி ரத்தமே வரும். அங்கேயும் ஜெல்லி தடவலாம், அல்லது பிளாஸ்திரி ஒட்டலாம்.

துணியில் சோப்புத்தூள் மிச்சம் இல்லாமல் இரண்டு முறை அலசுங்கள். உள்ளாடையை உள்பக்கம் வெளியே திருப்பி வெயிலில் போடுங்கள். வெட்கப்பட்டு மற்றத் துணிக்கு அடியில் மறைத்துக் காயப் போட்டால் அது கடைசிவரை காயாது. மழைக்காலத்தில் இஸ்திரி போட்டுக் காயவைத்து அணியுங்கள்.

மாதவிடாய் நாட்களில் நாப்கின் ஓரம் அறுப்பது எங்கள் கடையில் பாதிப் பேருக்கு இருந்தது. நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். ஓரம் படும் இடத்தில் ஜெல்லி தடவிக்கொண்டால் அறுக்காது. மாற்றப் போக நேரம் தரமாட்டார்கள் என்ற பயத்தில்தான் எட்டு மணி நேரம் வைத்திருப்போம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தபோது, உட்காருவதைவிட எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கழிவறை விஷயம்தான். கண்காணிப்பாளராக இருப்பவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து கழிவறைக்குப் போக விடுங்கள்.

இடுப்பு நாடா

உள்பாவாடை நாடாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அம்மாவின் இடுப்பில் நாற்பது வருடம் ஒரே இடத்தில் ஒரே முடிச்சு. குளிப்பாட்டும்போது பார்த்தேன்: கட்டைவிரல் நுழையும் அளவு ஒரு பள்ளம், சுற்றிலும் கறுத்து, முடிச்சு விழும் இடப்பக்கம் தோல் உரிந்து உரிந்து காய்த்துப் போயிருந்தது. அரிக்குதாம்மா என்றேன். எப்பவும் அப்படித்தான் என்றார்.

அப்படியே விடக் கூடாது. வருடக்கணக்கில் நாடா இறுக்கி, வியர்வையும் அழுக்கும் சேர்ந்து உரசி, புண்ணாகி, ஆறாமல், அரிதாகச் சிலருக்குத் தோல் புற்றாகவே மாறியிருக்கிறது. 2024இல் இப்படி இரண்டு பெண்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். இறுக்கிக் கட்டும் வேட்டியால் வரும் இடுப்புப் புற்று 1945லேயே பதிவாகியிருக்கிறது. பயப்பட வேண்டியதில்லை, மிக அரிதானதுதான். ஆனால் தடுப்பது சுலபம். கயிறு மாதிரியான நாடாவை எடுத்துவிட்டு மூன்று விரல் அகலப் பட்டை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். முடிச்சை ஒரு நாள் இடம், ஒரு நாள் வலம் என்று மாற்றிப் போடுங்கள். வீட்டில் இருக்கும்போது தளர்த்துங்கள், அல்லது நைட்டிக்கு மாறுங்கள். இடுப்புப் புண் மூன்று நாலு வாரத்தில் ஆறாவிட்டால் காட்டிவிடுங்கள். அரைஞாண் கயிறுக்கும் இதே கணக்கு. குழந்தைக்குக் கட்டினால் இரண்டு விரல் நுழையும் தளர்வு இருக்க வேண்டும், குளித்ததும் கயிற்றுக்கு அடியில் துடைக்க வேண்டும், வளர வளர மாற்ற வேண்டும்.

குழந்தை, படுத்த படுக்கை, சர்க்கரை, வெள்ளம்

கைக்குழந்தைக்குக் கழுத்து மடிப்பில் பால் வழிந்து புளித்து வேகும். ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் முகவாயைத் தூக்கி ஒற்றித் துடையுங்கள். பவுடர் வேண்டாம், மூச்சில் போகும். டயாபரை இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறையும், மலம் கழித்தால் உடனேயும் மாற்றுங்கள். வாசனைத் துடைப்பானைவிடத் தண்ணீரும் பஞ்சும் போதும். ஒரு நாளில் சில வேளையாவது துணி விரித்து, ஒன்றும் கட்டாமல் விட்டு வையுங்கள். மூன்று நாளில் குறையாமல் புள்ளிகள் தெறித்தால் மருத்துவரிடம் போங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வையுங்கள். இழுக்காதீர்கள், அடியில் ஒரு போர்வையை விரித்து, இரண்டு பேராகப் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். ஒரு இழுப்பில் ஊறிய தோல் கிழியும். ரெக்சின் விரிப்பு நேராக உடம்பில் படக் கூடாது, மேலே பருத்தி விரிப்பு வேண்டும். வால் எலும்பு, குதிகால் போன்ற எலும்பு தட்டும் இடங்களில் தோல் கறுத்து, சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். அதற்குக் களிம்பு போதாது, அங்கே அழுத்தமே படக் கூடாது.

இடுக்கில் கேண்டிடா திரும்பத் திரும்ப வந்தால் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொன்னது. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியதே நம் சென்னையில் இருக்கும் ஒரு சர்க்கரை நோய் ஆராய்ச்சி மையம்தான். பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. என் அம்மாவுக்கும் மார்புக்கு அடியில் வந்த வேக்காட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால் அந்தரங்கப் பகுதியில் பூஞ்சை வர வாய்ப்பு அதிகம். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் நாட்கணக்கில் தண்ணீரில் நடந்தவர்களுக்குச் சேற்றுப்புண் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரிலிருந்து வந்ததும் சோப்பு போட்டுக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் தனித்தனியாக ஒற்றிக் காயவைத்து, மெல்லிய துணிப்பட்டையை விரல்களுக்கு நடுவே வையுங்கள். ஈர ஷூவை மறுநாளும் போடாதீர்கள். புண்ணோடு வெள்ளத்தில் நடந்தபின் சில வாரங்களுக்குள் காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால், தண்ணீரில் நடந்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் அப்படி வரும்.

எப்போது, எங்கே காட்டுவது

சீழ், கெட்ட வாடை, காய்ச்சல், வேகமாகப் பரவும் வீக்கம் இருந்தால் அன்றைக்கே. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கவட்டையிலோ விதைப்பையிலோ, பார்ப்பதற்குச் சின்னதாக இருந்தும் தாங்க முடியாத வலி வந்தாலோ, தோல் கறுத்தாலோ, மணிக்கணக்கில்கூடக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். இவை இல்லாமல், இரண்டு வாரம் ஒழுங்காகக் காயவைத்து மருந்து போட்டும் குறையாவிட்டால் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வடசென்னையில் ஸ்டான்லி, அப்புறம் கீழ்ப்பாக்கம் என மூன்றிலும் தோல் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் புறநோயாளிச் சீட்டு எடுத்துவிடுங்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்றால் சீட்டுக் கொடுக்கும் இடத்திலேயே கேளுங்கள், தவறில்லை. இதுவரை போட்ட எல்லா ட்யூபையும், காலியானதையும்கூட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை செய்வார்கள்; அன்று காலை அந்த இடத்தில் எதையும் தடவிக்கொண்டு போகாதீர்கள். எங்கே என்று கேட்டால் தொடை என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், அக்குளையும் இடுப்பையும் கால் விரலிடுக்கையும் சேர்த்துக் காட்டிவிடுங்கள்.